பகல் உறக்கத்திற்கும் ஓர் ஒழுங்கு

மாலை ஆறு மணி. எட்டு மாதக் குழந்தை வீறிட்டு அழுகின்றது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் சாய்த்து நடந்தும் பார்த்தாயிற்று. அழுகை ஓயவில்லை. "யார் கண் பட்டதோ!" என்று பாட்டி உப்பும் மிளகாயும் எடுக்க எழுகின்றார். "ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?" என்று வேலையிலிருந்து களைத்து வந்த கணவன் சினந்து பேசுகின்றான். இரவெல்லாம் கண்விழித்த இளந்தாயோ அடுக்களையில் நின்று கண்ணீர் வடிக்கின்றாள்.

நடந்தது என்ன? காலையில் வந்த உறவினர் ஆளுக்கொரு முறை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினர். முற்பகல் உறக்கம் தவறிற்று. பிற்பகலில் உறங்க வைத்த அரைமணிக்குள் தெருவின் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. கண்ணேறும் இல்லை, தாயின் குறையும் இல்லை. குழந்தை களைத்துப்போயிற்று; அவ்வளவே. இந்தச் சிறு உண்மையை அறியாததால் எத்தனை இல்லங்களில் அமைதி குலைகின்றது!

எவ்வளவு உறக்கம் தேவை?

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பிறந்தது முதல் மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரமும், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், ஓராண்டு முதல் ஈராண்டு வரை 11 முதல் 14 மணி நேரமும் உறக்கம் வேண்டும். பகல் உறக்கமும் இக்கணக்கில் அடங்கும். "பகலில் உறங்கவிடாமல் வைத்தால் இரவில் நன்றாக உறங்கும்" என்று பலர் எண்ணுகின்றனர். பெரியவர்களுக்கு இது பொருந்தலாம், பச்சிளங்குழந்தைக்குப் பொருந்தாது. அளவுமீறிக் களைத்த குழந்தை எளிதில் உறங்காது; உறங்கினும் அடிக்கடி விழித்தெழும்.

எப்போது தொடங்கலாம்?

முதல் மூன்று மாதங்களில் அட்டவணை எதுவும் வேண்டாம். இரவு பகல் என்னும் வேறுபாட்டை அதன் உடல் இன்னும் கற்கவில்லை. பசித்தபோது பாலும், களைத்தபோது உறக்கமும் என்பதே அப்பருவத்தின் நெறி. பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருளும் அமைதியும் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். நான்காம் மாதத்திற்குப்பின் மெல்ல ஓர் ஒழுங்கு தானே தோன்றும். அதைக் கண்டுகொண்டு உறுதிப்படுத்துவதே பெற்றோரின் பணி.

கடிகாரத்தைவிடக் குழந்தையின் முகமே சிறந்த வழிகாட்டி. கண்ணைக் கசக்குதல், கொட்டாவி விடுதல், காதைப் பிடித்திழுத்தல், விளையாட்டுப் பொருளை வெறுத்துத் தள்ளுதல் ஆகியவை உறக்கத்தின் அழைப்புகள். ஒரு வாரம் இவற்றை நேரத்துடன் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அட்டவணை உங்கள் கையில் இருக்கும்.

எட்டு மாதக் குழந்தைக்கு ஓர் எடுத்துக்காட்டு: காலை 6 மணிக்கு விழிப்பு, 8.30 முதல் 9.30 வரை முதல் உறக்கம். 11 மணிக்குமேல் குளிப்பாட்டி, மசித்த பருப்புச் சோறு ஊட்டி, 12.30 முதல் 2 வரை நீண்ட உறக்கம், மாலை 4.30-க்கு அரைமணிச் சிறுதுயில், இரவு 7.30 அல்லது 8 மணிக்குப் படுக்கை. மாலைத் துயில் ஒன்பதாம் மாத அளவில் தானே நின்றுவிடும். ஓராண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் இடையில் முற்பகல் உறக்கமும் நீங்கி, மதிய உறக்கம் ஒன்றே எஞ்சும்.

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையைப் பின்பற்றுங்கள். துணி மாற்றி, சன்னலைச் சாத்தி, ஒரு தாலாட்டுப் பாடி, கண் சொருகும் வேளையிலேயே படுக்கையில் கிடத்துங்கள். முற்றும் உறங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தால், இடையில் விழிக்கும்போதெல்லாம் அது மடியையே தேடும்.

ஒழுங்கு வேறு, கெடுபிடி வேறு

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்து மருத்துவர் டுரூபி கிங் என்பார், நான்கு மணிக்கொருமுறையே பால், இரவில் பாலில்லை என்று கண்டிப்பான முறையைப் பரப்பினார். 1946-இல் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் தமது நூலில், குழந்தையின் தேவையறிந்து நெகிழ்ந்து கொடுக்குமாறு தாய்மாரைத் தூண்டினார். இன்றைய மருத்துவமும் பசித்தழும் குழந்தையைக் கடிகாரத்திற்காகக் காக்கவைப்பதை ஏற்பதில்லை. காய்ச்சல் கண்ட நாளிலும், பல் முளைக்கும் நாளிலும், ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் நாளிலும் அட்டவணை சற்றுப் பிறழத்தான் செய்யும். மறுநாள் பழைய வழிக்குத் திரும்பினால் போதும்.

எச்சரிக்கை சில

குழந்தையை மல்லாக்கவே கிடத்துங்கள். அமெரிக்காவில் 1994-இல் இதனை வலியுறுத்தி இயக்கம் தொடங்கியபின், உறக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம். தூளியில் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுத் தடைப்படும். ஆதலால் ஆளில்லாத அறையில் தூளியில் விட்டுச் செல்லாதீர்கள். மூத்த பிள்ளைகள் தூளியை முறுக்கி விளையாடவும் இடந்தராதீர்கள். சாம்பிராணிப் புகை பிஞ்சு மூச்சுக்கு ஆகாது. உறங்க வைப்பதற்கென்று சளிமருந்து ஊட்டுவது பெருங்கேடு. குழந்தை பால் குடிக்கவும் எழாமல் சோர்ந்து கிடந்தால், நல்ல உறக்கமென்று மகிழாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இந்த ஒழுங்கைத் தாய் ஒருத்தியே காக்க இயலாது. உறங்கும் வேளையில் வானொலியின் ஒலியைக் குறைப்பதும், வந்த விருந்தினரைத் திண்ணையில் அமர்த்துவதும் தாத்தா பாட்டியரின் பங்கு. மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்வது தந்தையின் பங்கு. மதியம் குழந்தை உறங்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் துவைக்கும் துணி காத்திருக்கட்டும். தாயும் சற்றே கண்ணயரட்டும். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?" என்னும் கேள்வியை விடுத்து, "இன்று பிள்ளை பகலில் உறங்கிற்றா? நீ உறங்கினாயா?" என்று கணவன் கேட்கும் இல்லத்தில் மாலை ஆறு மணியும் இனிமையாகவே இருக்கும்.