வீட்டுக்குள் ஒரு சைக்கிள்: உடம்புக்கா... துணி காயப்போடவா?

அரியலூரில் நமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் வீடு. கூடத்து மூலையில் பளபளவென்று ஓர் உடற்பயிற்சி சைக்கிள். அதன் கைப்பிடியில் இரண்டு துண்டு, சீட்டின் மேல் ஒரு பாவாடை, பெடலில் ஒரு மஞ்சள் பை!

"என்ன சார், வாங்கி எவ்வளவு நாள் ஆச்சு?"

"ஏழு மாசம் ஆச்சுங்க. முதல் பதினஞ்சு நாள் ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு மிதிச்சோம். அப்புறம்..." என்று இழுத்தார் சார்.

"அப்புறம் என்ன? கொடிக்கயிறு வாங்குற செலவு மிச்சம்!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. சாருக்கு வயது 57, சர்க்கரை இருக்கிறது. அம்மாவுக்கு 52, மூட்டு வலி. "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று டாக்டர் இருவருக்கும் சொல்லியிருக்கிறார். ஆனால் எங்கே நடப்பது?

அரியலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைகளுக்கு ஓடும் லாரிகளும், அவை கிளப்பும் புழுதியும் தெரிந்ததுதான். பெரம்பலூர்ப் பக்கம் போனால் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் வேகம். கத்திரி வந்தால் காலை எட்டு மணிக்கே தலை கொதிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை. போதாக்குறைக்குத் தெருநாய்கள். பெண்களுக்கோ விடியற்காலை என்றால் அடுப்படி நேரம்!

பாதிப் பேர் அசைவதே இல்லை

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. 2024-ல் வந்த இன்னோர் உலகளாவிய ஆய்வோ, இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான அளவு உடலை அசைப்பதே இல்லை என்றது. பெண்களில் இது 57 சதவீதம்!

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடங்கள். அதாவது தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். நடைக்கு வழியில்லாத வீட்டுக்கு சைக்கிள் நல்ல மாற்றுதான். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அவை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. உடல் எடையை சீட் தாங்கிக்கொள்வதால் முட்டிக்கும் அழுத்தம் குறைவு.

ஒரு குறையும் உண்டு. எலும்பு பலப்பட, கால் ஊன்றிச் செய்யும் வேலை வேண்டும். ஆகவே சைக்கிள் மிதிக்கிறோம் என்று வீட்டு வேலையையும் மாடிப்படியையும் விட்டுவிடாதீர்கள்.

அந்த சைக்கிள் ஏன் கொடிக்கம்பம் ஆனது?

சாரையும் அம்மாவையும் உட்கார வைத்து விசாரித்தோம். சோம்பேறித்தனம்தான் காரணம் என்று இருவரும் தங்களையே திட்டிக்கொண்டார்கள். சைக்கிளை இறக்கிப் பார்த்தபோதுதான் வேறு கதை தெரிந்தது.

முதல் தவறு, உயரம். சார் ஐந்தடி எட்டு அங்குலம். அம்மா ஐந்தடிகூட இல்லை. சீட்டை எவ்வளவு இறக்கினாலும் அம்மாவுக்குக் கால் எட்டவில்லை. இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி மிதித்ததில் முதுகு வலியும் சேர்ந்துகொண்டது. சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து, அடியில் இருக்கும் பெடல் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரி. சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் முட்டிச் சில்லு வலிக்கும். வீட்டில் இருப்பவர்களிலேயே குள்ளமானவரை முதலில் உட்கார வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, சத்தம். சக்கரத்தை ஒரு நாடா இறுக்கிப் பிடிக்கும் வகை அது. குமிழைத் திருகினால் நாடா உரசும், மிதிப்பது கனமாகும். விலை குறைவுதான். ஆனால் நாளாக நாளாக உரசல் சத்தம், தேய்மானம், சமயத்தில் கருகல் வாசனை! "டி.வி. சத்தம் கேக்கலேன்னு நான் கத்த, சைக்கிள் நிக்கும்" என்றார் அம்மா.

மூன்றாவது, ஆட்டம். லேசான சட்டம், மேடு பள்ளமான தரை. ஏறினால் ஊஞ்சல். இது தாங்கும் எடை எவ்வளவு என்று கடையில் யாரும் கேட்கவில்லை. உங்கள் எடையைவிடக் குறைந்தது இருபது கிலோவாவது கூடுதலாகத் தாங்கும் சைக்கிளாகப் பாருங்கள். அடியில் தரைக்கு ஏற்ப உயர்த்தி இறக்கும் கால்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நான்காவதுதான் வேடிக்கை. பெட்டியில் வந்ததை சாரே பூட்டியிருக்கிறார். சைக்கிளில் இடது பெடலின் மறை தலைகீழாக இருக்கும். வலது பெடலைக் கடிகாரம் சுற்றும் திசையில் இறுக்க வேண்டும். இடது பெடலை அதற்கு எதிர்த்திசையில் இறுக்க வேண்டும். சார் இரண்டையும் ஒரே மாதிரி முறுக்க, இடது பக்கம் மறை போய்விட்டது! அன்றிலிருந்து கடகடவென்று ஆட்டம். இப்படி ஆனால் மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். தெருமுனை சைக்கிள் கடையில் காட்டினாலே பெரும்பாலும் வழி சொல்வார்கள்.

ஆக, குற்றம் மனசில் இல்லை... தேர்வில்!

என்னென்ன வகை?

நிமிர்ந்து உட்காரும் சாதா வகைதான் வீடுகளில் அதிகம். இதில் காந்த வகை கேட்டு வாங்குங்கள். காந்தம் சக்கரத்தைத் தொடாமலே, நெருங்கி வந்து அதன் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். உரசல் இல்லை, சத்தம் குறைவு, தேய்மானமும் இல்லை.

கையும் சேர்ந்து அசையும் வகை ஒன்று உண்டு. முன்னால் விசிறி மாதிரிச் சக்கரம் இருந்தால், வேகமாக மிதிக்க மிதிக்கக் காற்றே எதிர்க்கும். கைக்கும் வேலை கிடைக்கும். ஆனால் அடுத்த அறையில் குழந்தை தூங்க முடியாது!

முதுகு சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் வகை, முதுகு வலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் சௌகரியம். இடம் அதிகம் அடைக்கும், விலையும் கூடுதல். பந்தய சைக்கிள் மாதிரி குனிந்து மிதிக்கும் கனமான சக்கர வகை இளவட்டங்களுக்கு. அதில் பல மாடல்களில் சக்கரம் பெடலோடு சேர்ந்தே ஓடும். காலை நிறுத்தினாலும் பெடல் சுற்றும். புதியவர்கள் ஜாக்கிரதை.

பெட்டியில் மின்னும் மீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். அது காட்டும் கலோரி, குத்துமதிப்புக் கணக்குதான். நேரம் காட்டினால் போதும். சாதாரண காந்த வகைக்குக் கரண்டும் தேவையில்லை. மீட்டருக்கு இரண்டு பேட்டரி, அவ்வளவே!

வாசலில் நிற்பதே போதுமா?

சார் வீட்டுத் திண்ணையோரம் இன்னொரு சைக்கிள் காற்றிறங்கி நின்றது. மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள். மகள் இப்போது கல்யாணமாகிப் பெரம்பலூரில் இருக்கிறார். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-ல் எல்லா மாணவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. நம் பக்கத்தில் எத்தனை வீட்டு வாசலில் இப்படி ஒரு சைக்கிள் துருப்பிடித்து நிற்கிறது!

இதை நிற்க வைத்து மிதிக்க ஒரு ஸ்டாண்டு கிடைக்கிறது. டிரெயினர் என்பார்கள். முக்கோணமாக இரும்புச் சட்டம். பின்சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் கவ்வித் தூக்கிப் பிடிக்கும். பின்னால் ஓர் உருளை டயரில் அழுந்தும். உருளையோடு காந்தம், விசிறி அல்லது எண்ணெய் அடைத்த கூடு என ஏதாவது ஒன்று இருந்து கனத்தைக் கொடுக்கும். விசிறி சத்தம் போடும். எண்ணெய் வகை அமைதி, விலை கூடுதல். நடுத்தரக் குடும்பத்துக்குக் காந்தம் நல்லது. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும், கம்ப்யூட்டரோடு பேசும் வகைகளும் உண்டு. அவை பந்தயக்காரர்களுக்கு. நமக்கு வேண்டாம்.

வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, டயரின் பக்கவாட்டில் உள்ள எண். பெரும்பாலான ஸ்டாண்டுகள் 26 அங்குலமும் அதற்கு மேலும்தான் ஏற்கும். சின்னப் பிள்ளைகள் சைக்கிள் பொருந்தாது. இரண்டு, அச்சு. ஸ்டாண்டுகள் பெரும்பாலும் கியர் சைக்கிளின் அச்சை மனதில் வைத்துச் செய்தவை. நம்ம ஊர் சைக்கிளின் நட்டைக் கவ்வுமா என்று கேளுங்கள். அதற்கென்று தனி நட்டு தருவதும் உண்டு. மூன்று, பின்ஸ்டாண்டும் கேரியர் கம்பியும் குறுக்கே வருமா? வந்தால் கழற்ற வேண்டும். கடைக்குப் போகும்போது பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

டயர் வழவழப்பாக இருந்தால் சத்தம் குறையும். காற்று முழுதாக இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டமாக்குங்கள். அடியில் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டால் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகாது.

எங்கே, எப்படி வாங்குவது?

பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குத் திருச்சி பக்கம்தான். காரோ, பஸ்ஸோ, நேரில் போய் ஏறிப் பாருங்கள். பத்து நிமிடம் மிதித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். "ரிப்பேர் ஆனா எங்க ஊருக்கு ஆள் வருவாங்களா? பெல்ட், பெடல் தனியாக் கிடைக்குமா?" இந்த இரண்டு கேள்வியும் முக்கியம். தபாலில் வரவழைத்தால், பெட்டி பிரிக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு ரகசியம்... கொடிக்கம்பம் ஆன சைக்கிள்கள் ஊரெல்லாம் இருக்கின்றன! புதுசு போலவே பாதி விலைக்கும் கிடைக்கும். பெடலைச் சுற்றிக் காதைக் கொடுங்கள். கரகரவென்றால் பேரிங் போயிருக்கலாம். சீட் கம்பியில் துருவும், சட்டத்தின் பற்றவைப்பில் விரிசலும் இருக்கின்றனவா பாருங்கள். கனம் கூட்டும் குமிழ் கடைசிவரை வேலை செய்கிறதா என்றும் திருகிப் பாருங்கள்.

ஆரம்பிப்பது எப்படி?

முதல் நாளே அரை மணி மிதித்தால் இரண்டாம் நாள் ஏற மாட்டீர்கள். முதல் வாரம் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக மிதியுங்கள். வீட்டுக்குள் எதிர்காற்று இல்லை, வியர்த்துக் கொட்டும். ஃபேனுக்கு அடியில் போடுங்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். புடவை, நைட்டி வேண்டாம். செயினில் மாட்டும். சுடிதார் நல்லது.

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை வந்தால் நிறுத்தி, உடனே சர்க்கரை சாப்பிடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஷூ போடாமல் மிதிக்க வேண்டாம். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே ஆரம்பிக்க வேண்டும். நெஞ்சு வலித்தால் உடனே இறங்குங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இன்னொன்று, குழந்தைகள். சுற்றும் சக்கரமும் செயினும் உருளையும் பிஞ்சு விரலுக்கு எமன். பேரன் பேத்தி வந்து போகும் வீட்டில் சைக்கிள் அறைக்குக் கதவு அவசியம்.

கடைசியில் என்ன ஆச்சு?

மூன்று மாதம் கழித்துப் போனோம். புது சைக்கிளின் இடது பக்கம் சரிசெய்யப்பட்டு சார் மிதித்துக்கொண்டிருந்தார், டி.வி. இல்லாத அறையில். பக்கத்தில் மகளின் பழைய சைக்கிள், டிரெயினரில் ஏறி நின்றது. அதன் மேல் அம்மா!

"எனக்கு சைக்கிள் புதுசு இல்லீங்க. நான் புதுக்கோட்டைப் பொண்ணு" என்றார், மூச்சு வாங்காமல். 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அந்தக் கூட்டத்தில் அம்மாவும் ஒருவர். கல்யாணத்தோடு நின்றுபோன மிதியை முப்பது வருஷம் கழித்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

"இது என் உயரத்துக்கு சரியா இருக்கு. அதான் தினம் ஏற முடியுது" என்றார். சிக்கனம் என்பதும் அதுதான். ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கி ஏறாமல் விட்டால் அது நஷ்டம். தினமும் ஏறினால் பன்னிரண்டாயிரமும் மலிவு. வாசலில் நிற்பதையே மிதிக்க முடிந்தால் இன்னும் மலிவு!

"அப்ப துணியெல்லாம் எங்கம்மா காயுது?"

"மொட்டை மாடியில கொடி கட்டியாச்சு. நூறு ரூபா செலவு!" என்று சொல்லி, இன்னும் வேகமாக மிதித்தார் அம்மா.