காற்றின் சொல் கேட்கும் நீரிணை

ஜூன் முதல் செப்டம்பர் வரை சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: மணலில் ஒதுங்கும் குப்பை மற்ற மாதங்களைவிட அதிகமாக இருக்கும். பிளாஸ்டிக் புட்டி, நுரைப்பெட்டித் துண்டு, கயிறு, மரக்கிளை என்று எல்லாம் கிடக்கும். பூங்காவுக்கு வந்தவர்கள் வீசியவை மட்டுமல்ல அவை. கடல் கொண்டுவந்து போட்டவையும் நிறைய. அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கடலின் மேற்பரப்பை நம் தென்கரைப் பக்கம் தள்ளுகிறது.

இது குப்பையோடு நிற்கும் விஷயமாக இருந்திருந்தால் துப்புரவு ஊழியர்களின் கவலையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ‘வோக்ஸ் மாக்சிமா’ என்ற தூர்வாரும் கப்பல் கட்டுப்பாட்டை இழந்து, நின்றிருந்த ‘மரின் ஹானர்’ எண்ணெய்க் கப்பல்மீது மோதியது. ஏறக்குறைய 400 டன் எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, லாப்ரடார் இயற்கை வனப்பகுதி, தென் தீவுகள், கிழக்குக் கடற்கரை என்று அது படர்ந்த வேகம் பலரைத் திகைக்க வைத்தது. ஏறி வற்றும் ஓதம் எண்ணெயைக் கரையோரமாக இழுத்துச் சென்றது. அந்தப் பருவத்தின் காற்றோ தெற்கிலிருந்து கரையை நோக்கி வீசுவது.

நீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டு வேகத்தில் நகரும் என்பது எண்ணெய்க் கசிவை எதிர்கொள்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று என்றால் படலம் மணிக்கு 600 மீட்டர் நகரும். கேட்கும்போது சிறியதாகத் தெரியும். ஒரு நாள் முழுக்க அந்தக் காற்று ஓயாமல் வீசினால் 14 கிலோமீட்டர். ஓத ஓட்டம் இதைவிடப் பல மடங்கு வேகமானதுதான், ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாற்றிக்கொள்ளும். காற்று பருவம் முழுக்க ஏறக்குறைய ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்.

சரி, காற்று தள்ளும் திசையிலேயே கடல் நகருமா? உலகின் பெரும்பாலான கடல்களில் நகராது. 1893இல் ‘ஃப்ராம்’ கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் உறைய விட்டு அதனோடு மிதந்துபோன நார்வேயர் நான்சென், பனி காற்றின் திசையில் போகாமல் 20 முதல் 40 பாகை வலப்புறம் விலகிப் போவதைக் கண்டார். அந்தப் புதிரைக் கணக்கால் அவிழ்த்தவர் சுவீடனின் வாக்ன் எக்மன். 1905இல் அவர் கட்டுரை வெளியானது. வடகோளத்தின் ஆழ்கடலில் மேற்பரப்பு நீர் காற்றுக்கு 45 பாகை வலப்புறமாக ஓடும். அதற்கு அடியிலுள்ள அடுக்கு இன்னும் கொஞ்சம் வலப்புறமாக, இன்னும் மெதுவாக ஓடும். எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால் நீர் காற்றுக்குச் செங்குத்தாக, வலக்கைப் பக்கம் போய்ச் சேரும். தென்கோளத்தில் இது இடப்பக்கம்.

திருப்பி விடுவது பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டில் நிற்பவரைப் பூமி மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுமந்து செல்கிறது. வடக்கே போகப் போக வட்டம் சுருங்கும், வேகமும் குறையும். சென்னையின் அகலாங்கில் அது மணிக்கு ஏறக்குறைய 43 கிலோமீட்டர் குறைந்துவிடுகிறது. தெற்கிலிருந்து வடக்கே போகும் நீர், தான் கிளம்பிய இடத்தின் கூடுதல் வேகத்தையும் சுமந்து வருவதால் கிழக்கே, அதாவது வலப்புறம், ஒதுங்குகிறது.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில். இங்கே அந்த வேகம் மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. திருப்பும் விசை பெயருக்குத்தான் இருக்கிறது. உந்திவிட்ட நீர், வேறெதுவும் தடுக்காவிட்டால், சுழற்சியால் ஒரு முழு வட்டம் சுற்றி வர வட துருவத்தில் 12 மணி நேரம் ஆகும். சென்னையில் இரண்டு நாளுக்குச் சற்று மேல். சிங்கப்பூரில் 22 நாள்! அதற்குள் ஓதம் எத்தனையோ முறை திசை மாறியிருக்கும். சிங்கப்பூர் நீரிணையின் பெரும்பகுதி ஆழமற்றது என்பதால் தரையின் உராய்வும் குறுக்கே நிற்கிறது. பூமி திருப்ப நினைக்கும் முன் காற்றும் கரையும் ஓதமும் காரியத்தை முடித்துவிடுகின்றன.

காற்றுக்கும் இதே கதைதான். தென்மேற்குப் பருவக்காற்று என்று நாம் அழைப்பது சிங்கப்பூரில் பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. தென்கோளத்திலிருந்து புறப்பட்டு, நிலநடுக்கோட்டைத் தாண்டி இப்போதுதான் நம்மிடம் வந்திருக்கிறது; வலப்புறம் திரும்ப அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. வடக்கே போனபிறகே பெயருக்கேற்ற திசைக்கு வருகிறது.

திருப்பும் விசை வலுவாக உள்ள இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கேரளக் கரை போதும். அதே பருவத்தில் அங்கே காற்று கரையோரமாகத் தெற்கு நோக்கியும் வீசுகிறது. வலப்புறம் விலகும் மேல்நீர் கரையை விட்டு அரபிக்கடலுக்குள் போய்விட, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்று மத்தி கொழுக்கிறது. தேக்கா ஈரச்சந்தையில் மத்தியைத் தேடி வாங்கும் நம்மவர்களின் நாக்குக்கு அந்தச் சுவையைப் பழக்கியதில் பூமியின் சுழற்சிக்கும் பங்குண்டு. சிங்கப்பூர்க் கரையில் அத்தகைய மேலெழும் நீர் கிடையாது.

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் நீளம் முழுக்க நீரைத் தெற்கே தள்ளுகிறது. சுழற்சி வலுவாக உள்ள வடபகுதியில் அந்த நீர் வியட்னாம் கரையை ஒட்டிய வேகமான ஓட்டமாகக் குவிகிறது. கடலின் தென்முனையில் நீர் தேங்கி மட்டம் உயர்கிறது. நம் நீரிணை வழியாக மேற்கே வடிகிறது. ஜூனுக்குப் பிறகு நிகர ஓட்டம் கிழக்கே திரும்புகிறது. இந்தப் பருவ மாற்றத்தைக் கப்பல்களின் பதிவுகளைக் கொண்டு மாதவாரியாக வரைந்தவர் கடலியலாளர் கிளாவுஸ் வியூர்ட்கி. ஜகார்த்தாவில் பணியாற்றிய அவருடைய நூல் 1961இல் வந்தது. இன்றும் இந்தக் கடலைப் படிப்பவர்கள் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்குப் பாய்மரம் விரித்தவர்களும், டிசம்பர் காற்றில் சீனாவிலிருந்து சிங்கப்பூர் வந்த மரக்கலத்தாரும் இதே மாற்றத்தை நம்பித்தான் பயணம் செய்தார்கள்.

விசை சிறியது என்பதற்காக அது இல்லவே இல்லை என்றாகிவிடாது. நிலநடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் சூறாவளி உருவாகாது என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2001 டிசம்பர் 27 அன்று ‘வாமெய்’ சூறாவளி சிங்கப்பூருக்கு வடகிழக்கே, ஏறக்குறைய 1.5 பாகையில் உருவாகி ஜொகூரில் கரையேறியது. பூமி தர முடியாத சுழலை, குறுகிய தென்சீனக் கடலில் வேகமாக வீசிய வடகிழக்குக் காற்றும் போர்னியோ அருகே இருந்த காற்றுச்சுழியும் சேர்ந்து தந்தன. மிக அரிய நிகழ்வு அது.

வடகிழக்குக் காற்று கடல்மட்டத்தை உயர்த்தும் நாள்களில் பெரும் ஓதமும் சேர்ந்துகொண்டால் தாழ்வான கரைகளுக்கு ஆபத்து. தீவின் ஏறக்குறைய 30 விழுக்காட்டு நிலம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டர் நிலத்தை மீட்டு ‘நீள் தீவு’ அமைக்கும் திட்டம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அது எழும்போது நீரிணையின் கரையே மாறும். ஜூனில் குப்பை எங்கே ஒதுங்கும், கொட்டிய எண்ணெய் எந்தப் பக்கம் போகும், ஜனவரியில் நீர் எங்கே தேங்கும் என்பதையெல்லாம் அந்தப் புதிய கரையை வைத்து மறுபடியும் கணக்கிட வேண்டியிருக்கும்.