டைபஸும் டைபாய்டும்

தாப்பா, பீடோர் வட்டாரத் தோட்டப்புறங்களில் நெடுநாள் விடாத காய்ச்சல் எதுவாயினும் அதனை 'டைபாய்டு' என்று சொல்லிவிடுவதுண்டு. வகுப்பில் இச்சொற்களை விளக்கப் புகும் ஆசிரியர்க்கு இது நல்ல தொடக்கம்.

கிருமி என்பது முன்னாளில் புழுவைக் குறித்த சொல். இன்று பாக்டீரியாவையும் நச்சுயிரியையும் அதனுள் அடக்கிவிடுகிறோம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து நச்சுயிரியை ஒன்றும் செய்யாது; ஆகவே பிரித்தே வழங்கவேண்டும். தொற்று வேறு, நோய் வேறு. கிருமி உடலிற் குடிபுகுதல் தொற்று. அதனால் உடல் கேடுறுதல் நோய். டைபாய்டுக் கிருமியைப் பித்தப்பையில் சுமந்துகொண்டு, நலமாகவே நடமாடுவோரும் உளர். அவர்க்குத் தொற்று உண்டு, நோய் இல்லை. பிறர்க்கு அவர் பரப்பக்கூடும் என்பதே அதிலுள்ள இடர்.

டைபஸ் என்பது புகை, மயக்கம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்வழி வந்தது. நோயாளியின் அறிவு கலங்குவதால் இப்பெயர். டைபாய்டு என்றால் 'டைபஸ் போன்றது'. பெயரே குழப்பத்துக்கு வித்திட்டது. டைபாய்டு நீராலும் உணவாலும் வருவது. டைபஸ் வகைகளோ பூச்சிகளால் வருவன.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1920களில் வில்லியம் ஃபிளெச்சர் என்பார் மலாயாவின் டைபஸைக் கடைத்தெரு வகை, நாட்டுப்புற வகை என இரண்டாகப் பிரித்தார். முன்னது எலித்தெள்ளால் வருவது. பின்னது லாலாங் புல்லும் புதரும் மண்டிய இடங்களில் வேலை செய்வோரைப் பற்றுவது. அதுவும் ஜப்பானியரின் 'சுட்சுகாமுஷி' நோயும் ஒன்றே என்பதை 1930களில் லியூத்வெயிட், சவூர் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின.

1948இல் அமெரிக்க மருத்துவர் ஸ்மேடல் குழுவினர் அங்கு வந்து, குளோரோமைசெட்டின் என்னும் புது மருந்தைப் புதர்க்காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தனர். காய்ச்சல் விரைவில் தணிந்தது. டைபஸ் என்றெண்ணி மருந்து கொடுக்கப்பட்டோரிடையே டைபாய்டு கண்டவரும் இருந்தது பின்னரே தெரிந்தது. அங்கும் மருந்து பலித்தது! பிறகு பத்து டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்து, அவ்வாண்டே முடிவை வெளியிட்டனர். அதற்குமுன் டைபாய்டை வெல்லும் மருந்தே கிடையாது. மயங்கிய நோயறிதல் நன்மையாய் முடிந்தது அரிது. பெனிசிலின் கொடுத்திருந்தால் புதர்க்காய்ச்சல் அசைந்திராது. அக்கிருமி உயிரணுவுக்குள் ஒளிந்து வாழ்வது. இன்று அதற்கு டாக்சிசைக்கிளின் தருகின்றனர். நாள் தாழ்த்தினால் நுரையீரலும் மூளையும் தாக்குண்டு உயிர்க்கே கேடாம்.

தமிழகத்தில் இதனை 'உண்ணிக்காய்ச்சல்' என்கின்றனர். மாட்டின்மேல் நாம் காணும் உண்ணி அன்று இது. கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் வேறோர் இனத்தின் இளம்புழு. 'சிற்றுண்ணி' என்றால் பொருந்தும். கடித்த இடத்தில், சுருட்டு நெருப்புச் சுட்டாற்போல் ஒரு கருஞ்செதிள் பலர்க்குக் காணும். அக்குளிலோ இடுப்பிலோ மறைந்திருக்கும், வலிக்காது. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.