கடத்தாப் பொருள் வாளா இருப்பதில்லை

கடத்தாப் பொருளினூடே மின்சாரம் பாயாது என்று கீழ் வகுப்பிலேயே கற்பிக்கிறோம். அது சரியே. ஆனால் அதைக் கொண்டு, மின்சாரத்தின் முன் அப்பொருள் சும்மா கிடக்கிறது என மாணாக்கர் முடிவு கட்டிவிடுகின்றனர். நம்மவரிலும் சிலர் அவ்வாறே எண்ணுகின்றனர். அது பிழை.

தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை ஈர்ப்பதை வகுப்பில் செய்து காட்டியிருப்போம். (நம் ஈரக் காற்றில், மழை நாளில் அது பலிப்பது அரிது.) காகிதம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, அதில் மிகை மின்னூட்டமும் இல்லை. பின் ஏன் ஈர்க்கப்படுகிறது? அதன் எலெக்ட்ரான்கள் தத்தம் அணுவை விட்டு ஓடுவதில்லை. ஆயினும் இம்மியளவு விலகுகின்றன. தறியில் கட்டிய கன்று கயிறு இடந்தரும் அளவுக்கு விலகுவது போன்றது இது. எதிர்மின்னூட்டமுள்ள சீப்பு அவற்றை அப்பால் தள்ள, காகிதத்தின் அருகுப் பக்கம் நேர்மின் தன்மை அடைகிறது. அண்மையிலுள்ள கவர்ச்சி சேய்மையிலுள்ள விலக்கத்தை விஞ்சவே, துணுக்கு தாவி ஒட்டுகிறது. இதனை முனைவாக்கம் என்பர். நீரின் மூலக்கூறுகளுக்கோ இயல்பாகவே இரு முனைகள் உண்டு. மின்புலம் பட்டதும் அவை அத்திசை நோக்கித் திரும்ப முற்படுகின்றன.

இரு உலோகத் தகடுகளின் இடைவெளியைக் கடத்தாப் பொருளால் நிரப்பினால், அதே மின்னழுத்தத்தில் கூடுதல் மின்னூட்டம் சேரும். மைக்கேல் பாரடே 1837-இல் கண்ணாடி, கந்தகம், அரக்கு முதலியவற்றைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். வெற்றிடத்தினும் எத்தனை மடங்கு சேர்கிறது என்று கணக்கிட்டால் பாலிதீனுக்கு ஏறத்தாழ 2.3, அறை வெப்பநிலையில் தூய நீருக்கு ஏறத்தாழ 80.

இதனால் நேர்ந்த இடர் ஒன்று நம் மலாயாக் காட்டோடு தொடர்புடையது. தாபான் மரத்துப் பாலான கட்டாபர்ச்சா சிறந்த மின்காப்பு என்று 1848-இல் பாரடே எழுதினார். 1858-இல் அத்லாந்திக் கடலடியில் இட்ட தந்திக் கம்பிக்கு அதுவே உறை. நடுவில் செம்பு, புறத்தே இரும்புக் கவசமும் கடல் நீரும், இடையில் கட்டாபர்ச்சா. கம்பி முழுவதும் ஒரே நீண்ட மின்தேக்கியாகிவிட்டது! ஒவ்வொரு குறிக்கும் அது நிரம்பி, வடிய வேண்டும். இதனாலும் வேறு குறைகளாலும் விக்டோரியா அரசியாரின் 98 சொற் செய்தி சென்று சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆயிற்று. அழுத்தத்தை மிகுதியாக ஏற்றிப் பார்த்ததில், முன்பே பழுதுற்றிருந்த உறை மேலும் கெட்டு, சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று.

எந்தக் கயிறுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? காற்றில் அவ்வெல்லை சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட்; அதைக் கடந்தால் எலெக்ட்ரான்கள் பிய்ந்து பொறி பறக்கும்.

1956-இல் அத்லாந்திக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கம்பிக்குப் பாலிதீன் உறையே இட்டனர்.