ஊர்ப் பெயரும் ஒரு செல்வம்

நிலமும் நீரும் கால்நடையும் ஓர் ஊரின் செல்வம் என்பதை யாவரும் அறிவர். ஊரின் பெயரும் ஒரு செல்வமே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை இதற்கு நல்ல சான்றாகும். கோரைப் புல்லை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூற்பாவில் கோத்து நெய்யப்பெறும் அவ்வூர் நயம் பாய், துணிபோல் மடியும். மணமக்களின் பெயரை நெய்த பாய்களைத் திருமண வீட்டார் விரும்பி வாங்குவர். புல்லின் விலை சிறிது. கைத்திறனே அதனை உயர்த்துகிறது. ஆயினும், எங்கோ செய்த மலிவுப் பாயை ஒரு வணிகர் 'பத்தமடைப் பாய்' என்று விற்பாராயின், ஆதாயம் அவருக்கும் நட்டம் நெய்தவருக்கும் போய்ச் சேரும்.

இதனைத் தடுக்கவே 1999ஆம் ஆண்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பெற்றது. 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் உள்ளது. பத்தமடைப் பாய், காஞ்சிபுரம் பட்டு, சுவாமிமலை வெண்கலச் சிலை முதலியன பதிவு பெற்றவை. இவ்வுரிமை தனி ஒருவருடையது அன்று. இதனை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதனைப் புதுப்பித்தல் வேண்டும்.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. சங்கம் பதிவு செய்துவிட்டது என்று கைவினைஞர் வாளாவிருத்தல் கூடாது. ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தம் பெயரைப் பதிந்துகொண்டால்தான், குறியீட்டைத் தம் சரக்கில் இடும் தனியுரிமை கிட்டும். இதற்கான கட்டணம் 2020ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பெற்றது. ஆகவே, தடையாக நிற்பது பெரும்பாலும் பணமன்று, அறியாமையே.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஊரிலுள்ள கைவினைஞர், குறிப்பாக வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள், அனைவரின் பட்டியலைத் தயாரித்துக் கிராம சபையில் படித்தல். இரண்டாவது, விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தந்து, மாவட்டத் தொழில் மையத்தில் கடன், மானியம் பற்றி விசாரித்து அறிவித்தல். மூன்றாவது, கோரை, களிமண், மூங்கில் போன்ற மூலப்பொருள் கிடைக்கும் கரைகளைப் பாழாகாமல் காத்தல். கரை அழிந்தால் கலையும் அழியும்.

கைத்தொழிலுக்கு உதவுவது தருமம் அன்று, ஊரின் முதலீடு. பாட்டனார் தேடித் தந்த நற்பெயரைப் பேரன் இழவாதிருக்க, அடுத்த கிராம சபையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக!