வீட்டில் ஓர் அகலப் புகையிரதப் பாதை

இலங்கையின் முதற் புகையிரதம் 1864ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. அன்று இடப்பட்ட பாதையின் அகலம் ஐந்தரை அடி. இன்றும் நாட்டின் பாதைகளுக்கு அதுவே அளவு. இங்கிலாந்தின் பாதையோ 4 அடி 8½ அங்குலமே. மாதிரிப் புகையிரதம் செய்ய விழைவோர்க்கு முதல் இடர் இவ்வேற்றுமையிலேதான் தோன்றுகிறது.

பிரித்தானியக் கடைகளிற் பெரிதும் விற்பனையாகும் மாதிரிகள் ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்னுங் கணக்கில் அமைந்தவை. ஆனால் அவற்றுக்குரிய தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர். இங்கிலாந்துப் பாதைக்கே அது போதாது, 18.83 வேண்டும். இலங்கைப் பாதைக்குச் சரியாக 22 வேண்டும். மலைநாட்டு வண்டியொன்றை அழகுறச் செய்து கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினால், பருத்த உடலும் ஒடுங்கிய காலுமாக நிற்கும். ஆகவே பாதையைக் கையாற் செய்வதே தக்கது, செலவும் அதிகமன்று.

அவசியம் விலைகொடுத்து வாங்கவேண்டியது நிக்கல் வெள்ளித் தண்டவாளக் கம்பி. பெயரில் வெள்ளி உண்டேயன்றிப் பொருளில் இல்லை. அது செம்பு, நாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவை. சிலிப்பர்க் கட்டைகளுக்கு, வானொலிப் பெட்டியினுள் இருக்கும் சுற்றுப்பலகை போன்ற, செப்புத்தகடு ஒட்டிய பலகையைக் கீற்றுகளாக அறுத்துக்கொள்ளலாம். எல்லாக் கட்டைகளும் செப்புடையனவாக இருக்கவேண்டியதில்லை. நான்கு அல்லது ஐந்துக்கு ஒன்று போதும். ஏனையவற்றை அதே தடிப்புள்ள மரக்கீற்றாலோ மட்டையாலோ செய்து ஒட்டிவிடலாம். சிக்கனத்தின் பெரும்பகுதி இதிலேயே அடங்கியுள்ளது.

முதற் கம்பியை அடிமட்டத்தின் ஓரமாக வைத்து ஈயத்தாற் பற்றவைக்கவேண்டும். 22 மில்லிமீற்றர் அகலத்துக்கு அராவிய அலுமினியத் துண்டொன்றை இடையில் வைத்து இரண்டாவதைப் பொருத்தலாம். அலுமினியத்தில் ஈயம் எளிதில் ஒட்டாது. சூடு நீடித்தால் செப்புத்தகடு பலகையை விட்டுக் கிளம்பிவிடும். இங்கே அவசரமே நல்லது.

மின்சாரம் ஒரு கம்பியால் வந்து மற்றதால் மீள்கிறது. ஆதலால் ஒவ்வொரு செப்புக் கட்டையின் நடுவிலும் அரத்தால் ஒரு கோடு கீறிச் செப்பைப் பிரித்துவிடவேண்டும். நூறு கட்டைகளில் ஒன்று தவறினும் பாதை முழுவதும் குறுஞ்சுற்றாகும். கைவிளக்குக் குமிழ் ஒன்றையும் மின்கலத்தையும் தொடராக இணைத்து இரு கம்பிகளையும் தொட்டுப் பார்க்கலாம். குமிழ் எரிந்தால் பிழை உண்டு. ஓரடிக்கு ஒருமுறை சோதிப்பவர் பிற்பாடு தேடி அலையமாட்டார். வேலை முடிந்ததும் பற்றுப்பசையைக் கழுவுதல் அவசியம். விட்டால் கம்பியில் பச்சை பூக்கும்.

பாதை இவ்வாறு மலிவாக முடிந்தாலும், கடை வண்டியின் சில்லுகள் அதிற் பொருந்தா. பெட்டிகளுக்கு நீண்ட அச்சுப் போட்டால் போதும். இயந்திரத்துக்கோ அடிச்சட்டத்தையே அகலமாக்கவேண்டிவரும். மிச்சம் பிடித்த பணம் அங்கேதான் செலவாகும்.