புள்ளிக்கோட்டின் மேல் எழுதினால் எழுத்து மனதில் பதியுமா?

நான்கு வயதுப் பிள்ளை 'அ' எழுதப் படாதபாடு படுவது சோம்பலால் அல்ல. மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் சில அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பென்சிலை அடக்கி ஆளும் சிறு தசைகளுக்கும் வலு போதாது. விஜயதசமியன்று அரிசியில் விரலால் எழுதவைப்பதும், மரியா மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகளும் இந்த வயதுக்கு ஏற்ற வழிகள். பென்சில் இல்லாமலே சுழியின் போக்கு கைக்குப் பழகிவிடும்.

பென்சில் பிடிக்கத் தொடங்கிய பின், புள்ளிக்கோட்டின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தால் போதுமா? போதாது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கில எழுத்துகளை மூன்று விதமாகப் பழக்கினார்கள். சிலவற்றைக் குழந்தைகள் பார்த்துத் தாமாக எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்கு உதவும் பகுதிகள் தாமாக எழுதிய எழுத்துகளுக்கே நன்கு இயங்கின. முடிவு 2012-இல் வெளியானது. கோணல்மாணலாக, ஒவ்வொரு முறையும் சற்று வேறாக எழுதும்போதுதான் 'எப்படி இருந்தாலும் இது அதே எழுத்து' என்று மூளை கற்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஆகவே கோட்டின் மேல் சில தடவை போதும். பிறகு வெற்றுத்தாளைக் கொடுங்கள். கோணலாக வந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள்.